மழை பெய்தாலும் வேலை

கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், காலையில் மழை கொட்டியது. இருசம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மூடினாள். போட்டிருந்த சீருடைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பாயில் படுத்துக்கொண்டாள்.

தம்பி மனைவி மலர்க்கொடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, பஸ் வந்து ஹாரன் அடிக்கிறான்."

"மழை பெய்யுது."

மலர்க்கொடியும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள்தான். இருந்தும் அவளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பால்மரத்துப் பட்டை நனைந்தால் பால் மங்குக் கிண்ணத்தில் விழாமல் தண்ணீரோடு சேர்ந்து தரையில் ஓடிவிடும். அதனால் விடியலில் மழை என்றால் அன்று பால்வெட்டு இல்லை. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடத்துக்கு மேல் இருசம்மாள் இந்த ஒரு சட்டத்தை மீறியதே கிடையாது.

மலர்க்கொடிக்கு விளங்கி முடிப்பதற்குள் தொழிற்சாலை பஸ் தங்கா பத்து ஊர்ச் சாலையில் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் சூப்பர்வைசர் ராமையா அவளை எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"ஏன்மா, குளோவ் மரத்துலயா காய்க்குது, மழை பேஞ்சா நிப்பாட்டறதுக்கு? இது எஸ்டேட் இல்ல. கூரை இருக்கு, பாத்தியா?"

பெண்கள் சிரித்தார்கள். இருசம்மாள் கூரையைப் பார்த்தாள். பார்க்கச் சொன்னதால் பார்த்தாள்.

"அப்ப மழை பேஞ்சாலும் வேலை உண்டா சார்?"

"உண்டு."

"எவ்வளவு பேஞ்சாலும்?"

சிரிப்பு இரண்டு மடங்கானது. கிண்டல் பண்ணுகிறாள் என்று ராமையாவின் முகம் சிவந்தது. அவளுக்கோ தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதனால் கேட்டாள். முதல் எச்சரிக்கை அன்றைக்கே பதிவானது.

முன்பு வேலை பார்த்த லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் இருசம்மாளைப் பற்றிக் கேட்டால் 'ஒரு மாதிரி' என்பார்கள். பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள். கல்யாண வீட்டில் மேளம் தொடங்கினால் பின்பக்கமாக வெளியே போய்விடுவாள். ஒரே ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அவர் அம்மா கேட்டாள். "சென்ட் வாடை தாங்கல. அவரு வெளிய போய் உக்காந்தார்னா யோசிக்கலாம்" என்றாள் இருசம்மாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேர் ஆனது.

ஆனால் வேலையில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. தோட்டத்து வேலை அவளுக்காகவே ஏற்படுத்தியது போல இருந்தது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். வரிசையாக நிற்கிறவர்களை மேற்பார்வைக்கார மண்டோர் அங்கமுத்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, யாருக்கு எந்த நெரை, எந்த மர வரிசை என்று சொல்வார். அவ்வளவுதான் பெரட்டு. சொல்லியாகிவிட்டால் அன்றைக்கு அதுதான் வேலை. அப்புறம் மரங்களுக்கு நடுவே தனியாக நடக்கலாம். பால் நிறுக்கும் நேரம் வரை யாரிடமும் பேச வேண்டியதில்லை. அவளுக்குப் பிடித்த அமைதி அதில் இருந்தது. அது எதனால் பிடித்திருந்தது என்று அவள் யோசித்ததே இல்லை.

தொண்ணூற்று நான்கில் தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டி வீடமைப்புத் திட்டம் என்று பலகை நட்டார்கள். ஆட்கள் திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். அவளுடைய தம்பி வீரமுத்துவுக்குச் சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக் குத்தகை வேலை கிடைத்தது. குடும்பத்தோடு தங்கா பத்துக்கு வந்தான், அக்காவையும் கூட்டிக்கொண்டு. வாடகை வீடு, இரண்டு அறை. வீரமுத்துவுக்கு டிவியை அலறவிட்டால்தான் சோறு இறங்கும். குக்கர் விசில், மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுக் கராவோக்கே. போதாததற்கு அவன் மகள் தாரணி. நான்கு வயது, பேச்சு வரவில்லை. மிக்ஸி ஓடினால் தரையில் விழுந்து வீறிடுவாள். மிக்ஸி ஓடும்போது அந்த வீட்டில் இருவர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி குழந்தை, இன்னொருத்திக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்களில்தான் இருசம்மாள் வேறொரு வீட்டைப் பார்த்தாள். இரண்டு சந்து தள்ளி, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ஹாஜி என்று கூப்பிடுவார்கள், தம் வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னப் பலகை வீட்டை வாடகைக்கு விட இருந்தார். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு பப்பாளி மரம். உள்ளே நின்று கதவைச் சாத்தினால் தூரத்தில் கடல் மட்டும் கேட்டது. அவள் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. ஹாஜி வெளியே இருமிக் காட்ட வேண்டியதாயிற்று.

அவர் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிரந்தர வேலையா? இன்னும் இல்லை, வருடக் கடைசியில் உறுதி செய்வார்கள் என்றாள். அதுவரை வேறு யாருக்கும் விடமாட்டேன், உறுதியானதும் வந்து சாவியை வாங்கிக்கொள் என்றார் அவர்.

வீரமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை.

"பொம்பள ஒத்தையா இருந்தா ஊரு என்ன பேசும்க்கா?"

"என்கிட்ட பேசாது. நான் வீட்டுக்குள்ள இருப்பேன்."

"உனக்கு இங்க என்னா கொறச்சல்?"

"சத்தம்," என்றாள். அவன் டிவியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, சற்று நேரத்தில் மறந்து மறுபடியும் கூட்டினான்.

ஆகவே வேலை உறுதியாக வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் அவள் நினைக்கவில்லை.

தொழிற்சாலையில் ரப்பர் கையுறை செய்தார்கள். தோட்டத்தில் அவள் சேர்த்துக் கொடுத்த அதே பால் இங்கே தொட்டி தொட்டியாக நின்றது. பீங்கானில் செய்த கை அச்சுகள் ஒரு சங்கிலியில் தொங்கியபடி வரிசையாக வந்து பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து, பெண்கள் நிற்கும் இடத்துக்கு வரும். வர வர உறையை உருவிக் கூடையில் போட வேண்டும். விட்டுவிட்டால் அச்சு அப்படியே திரும்பப் போய் மறுபடியும் பாலில் முங்கும். அந்த உறை வீண்.

உருவுவது இருசம்மாளுக்குச் சிரமமாக இல்லை. மற்றவர்களைவிட வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. மற்றவைதான் சிரமம். தலைக்கு நேர் மேலே ரேடியோ. அதை மீறிக் கேட்க வேண்டுமே என்று கத்திப் பேசும் பெண்கள். அவர்கள் எல்லாரையும் மீறிக் கத்தும் ராமையா. ஆள் குறையும் இடத்துக்கு ஆளைத் தள்ளுவதுதான் அவருடைய நிர்வாகம். "சுசீலா, மூணாம் லைனுக்கு ஓடு. நீ, ஆமா நீதான், பேக்கிங். இல்ல இல்ல, இங்கயே இரு. ஏய், போகச் சொன்னேன்ல."

ஒரு நாள் அந்த 'நீ' இருசம்மாளாக இருந்தது. பேக்கிங்குக்குப் போ என்றார். பாதி வழியில் திரும்பி வா என்றார். வந்தபோது, எதற்கு வந்தாய், இரண்டாம் லைனில் ஆள் இல்லை பார் என்றார். மேலே ரேடியோவில் ஏதோ விளம்பரம் கிறீச்சிட்டது. இருசம்மாள் இரண்டு லைன்களுக்கும் நடுவில் நின்றுவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. கால் நகரவில்லை. அச்சுகள் உறையோடு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிப் போய்ப் பாலில் முங்கின.

பக்கத்தில் நின்ற சுசீலாதான் ஓடிவந்து இரண்டு பக்கமும் உருவிப் பார்த்தாள். தோட்டத்தில் அப்படித்தான், ஒருத்திக்கு முடியவில்லையென்றால் அடுத்த நெரைக்காரி வந்து மீதி மரத்தில் பால் வெட்டிக்கொடுப்பாள், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். இங்கே அது தப்பு. தன் இடத்தை விட்டதற்காகச் சுசீலாவுக்கும் ஏச்சு விழுந்தது.

"ரெண்டாவது தடவ," என்றார் ராமையா. "மூணாவது ஒண்ணு வந்துச்சுன்னா வருசக் கடைசி வரைக்கும் நீ காத்திருக்க வேண்டியதில்ல. நடிப்பையெல்லாம் வீட்ல வச்சுக்க."

பஸ்ஸில் சுசீலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒனக்கு என்னாக்கா செய்யுது? மயக்கமா?"

"இல்ல. எல்லாம் ஒரே நேரத்துல உள்ள வந்துருச்சு."

"என்னா வந்துச்சு?"

"எல்லாம்."

சுசீலா பையிலிருந்து ஒரு ஹாக்ஸ் மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் மலர்க்கொடியும் வீரமுத்துவும் தாரணியைக் கோலாலம்பூரில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். வீரமுத்து சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். இருசம்மாள் தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஆட்டிசம்னு பேரு சொன்னாரு அண்ணி. இவ புடிவாதம் புடிக்கலையாம். சத்தம் நமக்குக் கேக்கற மாதிரி இவளுக்குக் கேக்கறது இல்லயாம். மூஞ்சியப் பாருன்னு வற்புறுத்தாதீங்கன்னாரு. எதையும் திடீர்னு மாத்தக் கூடாதாம். முன்கூட்டியே சொல்லி, ஒரு நேரத்துல ஒண்ணுதான் சொல்லி, அப்பறம்தான் மாத்தணுமாம்."

கத்தி நின்றது.

"மருந்து?" என்றாள் இருசம்மாள்.

"இல்லயாம். நாமதான் நடந்துக்கற விதத்த மாத்திக்கணுமாம்."

"பெரியவளானா போயிருமா?"

"போகாதாம். அவளும் கத்துக்குவா, சுத்தி இருக்கறவங்களும் கத்துக்கணும்னாரு."

இருசம்மாள் பயற்றங்காயைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்ப எனக்கும் அதான்."

வீரமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, சும்மா இருலா. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். நீ பாட்டுக்கு உனக்கும் சீக்குங்கற."

"சீக்குன்னு அவரு சொல்லலையே."

மலர்க்கொடி கணவனைப் பார்க்கவில்லை. "நான் அங்கயே நெனச்சேன் அண்ணி," என்றாள் மெதுவாக. "அவரு தாரணியப் பத்திச் சொல்லச் சொல்ல, எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. சொன்னா கோவிச்சுக்குவீங்களோன்னு..."

"கோவம் இல்ல." கத்தி மறுபடியும் நகர்ந்தது. "முன்கூட்டியே சொல்லி மாத்தணும். அதத்தான பெரட்டுல செஞ்சாங்க."

நறுக்கி முடித்ததும் மலர்க்கொடி கேட்டாள், "நான் வந்து அந்த சூப்பர்வைசர்கிட்ட எடுத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம். வேலை என்னுது."

திங்கட்கிழமை, தேநீர் இடைவேளையில், இருசம்மாள் ராமையாவின் மேசை முன்னால் போய் நின்றாள். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"சார், எனக்கு என்னா வேலைன்னு காலையில பேர் சொல்லிச் சொல்லிருங்க. மாத்தணும்னா கிட்ட வந்து முன்னாடியே சொல்லிட்டு மாத்துங்க. ரேடியோவுக்குக் கீழ வேணாம், அந்தக் கடைசில நிக்கறேன். பாய்லர்காரங்க காதுல போடறது ஒண்ணு எனக்கு வேணும். இதெல்லாம் இருந்தா நான் நடுவுல அப்படி நின்னுரமாட்டேன், வேலை நடக்கும்."

ராமையா டீயை வைத்தார். "பெரட்டு கேக்கறியா? இங்கயா?"

"ஆமா."

"இது எஸ்டேட் இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம். ஒனக்கு ஒண்ணு செஞ்சா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. போ."

போனாள். செவ்வாய்க்கிழமை அதே இடைவேளையில் வந்து அதே வார்த்தைகளைச் சொன்னாள். புதன்கிழமையும். அவளுக்கு வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டது கிடைக்கவில்லை, ஆகவே கேட்கிறாள். பெண்களுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. அவள் எழுந்ததும் "பெரட்டுக்குக் கெளம்பிட்டாங்கடி" என்பார்கள். ராமையா டீயை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போய்க் குடிக்க ஆரம்பித்தார். அவள் ஸ்டோருக்கே போனாள்.

"நீங்க எஸ்டேட்ல கணக்கெழுதற கிராணியா இருந்தீங்கன்னு சுசீலா சொல்லிச்சு," என்றாள் அங்கே.

"இருந்தேன். அதுக்கென்ன?"

"பெரட்டுல சொல்லாம யாரையாச்சும் நெரை மாத்துனீங்களா?"

ராமையா ஒருநாளும் மாற்றியதில்லை. சொல்லாமல் மாற்றியிருந்தால் அன்று மாலை ஆபீஸ் வாசலில் சண்டை நடந்திருக்கும். "அது வேற, இது வேற," என்று டம்ளரோடு வெளியேறினார். ஸ்டோர்கீப்பர் காளிதாஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

விஷயம் முடிவுக்கு வந்தது மானேஜர் லிம் சுற்றிப் பார்க்க வந்த அன்றுதான். மானேஜர் வந்தால் ராமையாவுக்குக் குரல் இன்னும் ஏறும். தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "ஏய் இருசம்மா, மூணாம் லைன், மூணாம் லைன்" என்றார். மறுபடியும் அது வருகிறது என்று இருசம்மாளுக்குத் தெரிந்தது. கால் நின்றுவிடும். நின்றால் மூன்றாவது தடவை, சாவி இல்லை. அவள் கண்ணை மூடவில்லை. கை பாட்டுக்கு உருவிக்கொண்டிருக்க, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள்: "கிட்ட வந்து சொல்லுங்க சார். சொன்னா போறேன்."

சுசீலா எட்டி ரேடியோவின் சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

லிம் நின்றார். என்ன கேட்கிறாள் என்று மலாயில் ராமையாவைக் கேட்டார். ராமையாவுக்கு வேறு வழியில்லை. மாற்றிச் சொல்லலாம் என்றால் இருசம்மாளுக்கும் மலாய் தெரியும், லைனில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடமாகியிருந்ததை அப்படியே சொன்னார். காலையில் பேர் சொல்லி வேலை சொல்ல வேண்டுமாம். கிட்ட வந்து சொல்லி மாற்ற வேண்டுமாம். கடைசியில் நிற்க வேண்டுமாம். காதுக்கு ஒன்று வேண்டுமாம். சொல்லி முடித்துவிட்டு, அதெல்லாம் இங்கே முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

"கெனாப்பா?" என்றார் லிம்.

ஏன் என்று ஒரே வார்த்தை. ராமையா வாயைத் திறந்தார். கூரையைப் பார்த்தார். இது எஸ்டேட் இல்லை என்பதை மலாயில் எப்படிச் சொன்னாலும் அது காரணமாகத் தோன்றவில்லை.

லிம் கடிகாரத்தைப் பார்த்தார். செய்து பாருங்கள், வருடக் கடைசி வரை, சரிவராவிட்டால் அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு நடந்தார். கருணை என்று எதுவும் அவர் முகத்தில் தெரியவில்லை. அடுத்த லைனில் ஒரு கசிவு அவருக்காகக் காத்திருந்தது.

காதுறை வாங்கப் போன இடத்தில் காளிதாஸ் இழுத்தான். "இது பாய்லர் ஆம்பளைங்களுக்குக்கா. பொம்பளைக்குன்னு கெடயாது."

"காது எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றாள் இருசம்மாள். அவன் கொடுத்துவிட்டான்.

ரேடியோவை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பிச் சுசீலா பதறிப் போனாள். "பாட்டு இல்லாட்டி நான் செத்துருவேன்க்கா." "நிறுத்தச் சொல்லல. நான்தான் தள்ளிப் போறேன்," என்றதும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை ராமையா லைன்களுக்கு முன்னால் வந்து நின்றார். பழைய கிராணியின் தொனியில், வேண்டுமென்றே இழுத்து, "இருசம்மாள். ரெண்டாம் நெரை, கடைசி எடம்" என்றார். கொல்லென்று சிரிப்பு. இருசம்மாள் "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். கிண்டலா இல்லையா என்பது அவளுக்கு முக்கியமாகப் படவில்லை. சொல்லியாகிவிட்டது. காதுறைக்குள் சத்தம் தூரமாயிற்று. அச்சுக் கைகள் வந்தன, உருவினாள், வந்தன, உருவினாள்.

கொஞ்ச நாளிலேயே சிரிப்பு அலுத்துப்போனது. வேறொன்று தொடங்கியது. "அவங்களுக்கு மட்டும் காலையிலயே சொல்றீங்க. நாங்க என்னா பந்தா, ஒதச்சு ஒதச்சு வெளயாட?" என்று சுசீலா கேட்டாள். ராமையா பயந்தது போலவே ஆளாளுக்கு வந்து நின்றார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு எல்லார் பேரையும் சேர்த்தே சொல்ல ஆரம்பித்தார். சொல்ல வேண்டுமென்றால் யோசித்து வர வேண்டியிருந்தது. யோசித்து வந்த நாட்களில் கத்த வேண்டியது குறைந்தது. இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. பழக்கம் லேசில் விடுமா? டிசம்பர் தொடக்கத்தில் மூன்றாம் லைனில் சங்கிலி அறுந்தது. ராமையா பழைய மாதிரியே கத்தினார். இருசம்மாள் நின்றாள், கை காதுக்குப் போனது. காதுறையின் மேலேயே பொத்திக்கொண்டாள். எல்லாரும் ராமையாவைப் பார்த்தார்கள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, லைனைச் சுற்றி நடந்து அவள் பக்கத்தில் வந்தார். ஒரு பக்கக் காதுறையை அவளே தூக்கினாள்.

"இருசம்மா. மூணாம் லைன் கெட்டுப்போச்சு. நீ பேக்கிங்குக்குப் போகணும். சாய்ங்காலம் வரைக்கும் பேக்கிங்தான், வேற மாத்தமாட்டேன்."

அவள் மூச்சு இறங்கப் பொறுத்தாள். "இந்தக் கூடை நெறஞ்சதும் போறேன்."

ராமையாவின் வாய்வரை ஏதோ வந்தது. விழுங்கிக்கொண்டு நின்றார். அவள் கலங்கி நின்றபோது தவறிய உறைகள் சில வீணாகியிருந்தன. அன்று அதை யாரும் பேசவில்லை. கூடை நிறைந்தது. அவள் பேக்கிங்குக்கு நடந்தாள்.

வருடக் கடைசியில் உறுதிக் கடிதத்தை ராமையாதான் கொடுத்தார். "அந்தப் பெரட்ட நிப்பாட்டிட மாட்டீங்களே?" என்றாள் அவள், நன்றி சொல்வதற்குப் பதிலாக. "எங்க நிப்பாட்டறது," என்றார் அவர். "நிப்பாட்டுனா சுசீலா என்னைய உரிச்சுருவா."

கடிதத்தை ஹாஜி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். வீரமுத்து முணுமுணுத்துக்கொண்டேதான் பாயையும் அடுப்பையும் சுமந்து வந்தான். மலர்க்கொடி தாரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தாள். குழந்தை அந்த அறைக்குள் வந்ததும் அழாமல் சுவரோரம் உட்கார்ந்துகொண்டது. "இவளுக்கும் புடிச்சிருக்கு போல அண்ணி," என்றாள் மலர்க்கொடி. "வரட்டும். டிவியத் தூக்கிட்டு வரக் கூடாது," என்றாள் இருசம்மாள், தம்பியைப் பார்க்காமலே. வீரமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு விடியல். மழை பலகை வீட்டின் கூரையை அறைந்துகொண்டிருந்தது. இருசம்மாள் விழித்தபடி படுத்திருந்தாள். உடம்பு முழுக்க, இன்று வெட்டு இல்லை, படு, என்றது. இருபது வருடப் பழக்கம் அது. ஆனால் முந்தின நாள் மாலை, வானம் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறப் போனவளின் பின்னால் ராமையா குடையோடு வந்திருந்தார். கத்தவில்லை. கிட்ட வந்து சொன்னார்.

"இருசம்மா, நாளைக்கு மழை பேஞ்சாலும் வேலை உண்டு. ரெண்டாம் நெரை, கடைசி எடம்."

"எவ்வளவு பேஞ்சாலும்?"

"எவ்வளவு பேஞ்சாலும்."

அவள் எழுந்தாள். சீருடையைப் போட்டாள். காதுறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். தன் கதவைத் தானே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, குடையை விரித்துச் சந்தில் இறங்கினாள். பஸ் வருவதற்கு முன்பே நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.